மானியம் கேட்டுப் போவதற்கு முன் பட்டாவைப் பாருங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. எனக்கு 2 ஏக்கர் 10 சென்ட் நிலம். ஒரு போகம் மல்லாட்டை (நிலக்கடலை), ஒரு போகம் நெல், கிணற்றோரம் 30 சென்ட்டில் சாமந்தி. கிணற்றில் எனக்குப் பாதிப் பங்கு, கொழுந்தனாருக்குப் பாதி. வீட்டுக்காரர் 2011-ல் தவறிவிட்டார். அன்றிலிருந்து விதை வாங்குவதும், ஆள் கூப்பிடுவதும், மண்டிக்கு மூட்டை அனுப்புவதும் நான்தான்.

2019 பிப்ரவரியில், விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிற மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டம் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. எங்கள் தெருவில் பலருக்கு முதல் 2,000 ஏறிவிட்டது. எனக்கு வரவில்லை. வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த உதவி வேளாண்மை அலுவலர் நல்ல மனிதர், எங்கள் கழனிக்கு வந்து பார்த்தவர். "நிலத்துல பாடுபடறது நீங்கதாம்மா, எனக்குத் தெரியும். ஆனா பட்டா உங்க மாமனார் பேர்ல இருக்கு. அவரு போன வருஷமே தவறிட்டாரு. நான் யாரைப் பதிவு பண்றது?" என்றார்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம் என்பதை தமிழ்நாடு அரசின் உழவன் செயலியைத் திறந்தால் பார்த்துக்கொள்ளலாம். அது யார் கைக்குப் போகிறது, ஏன் போகிறது, உங்கள் கைக்கு வர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

முதலில் காகிதம்

உங்கள் பட்டா எண்ணோ சர்வே எண்ணோ தெரிந்தால், தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் பட்டாவைப் பார்க்கலாம். இதற்குக் காசு கிடையாது. செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான். திறந்ததும் பெயரைப் பாருங்கள். அப்புறம் சர்வே எண்ணும் உட்பிரிவும் நீங்கள் பயிர் வைக்கிற இடம்தானா என்று பாருங்கள். அப்புறம் பரப்பு.

பரப்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பட்டாவில் ஏக்கர், சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். என் பட்டாவில் 0 - 85.00 என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. 85 சென்ட்தான் வந்திருக்கிறது, மீதி எங்கே போனது என்று பயந்து அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ, கணக்குப் போட்டுக் காட்டினார். 1 ஏர் என்பது கிட்டத்தட்ட 2.47 சென்ட். 85 ஏர் என்றால் 210 சென்ட், அதாவது என்னுடைய 2 ஏக்கர் 10 சென்ட் சரியாக வந்துவிட்டது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறு விவசாயியா, பெரிய விவசாயியா என்று பார்ப்பதே இந்த எண்ணை வைத்துத்தான்.

பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் முதலில் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். எங்கள் வீட்டில் மாமனாரின் 4 ஏக்கர் 20 சென்ட்டுக்குக் கொழுந்தனார் ஒருவர், நாத்தனார் ஒருவர், இறந்துபோன என் வீட்டுக்காரரின் பங்குக்கு நானும் என் இரண்டு பிள்ளைகளும் வாரிசு. நாத்தனார் தன் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிற மகனும், போளூரில் கட்டிக்கொடுத்த மகளும் என் பெயருக்கே எழுதச் சம்மதித்தார்கள். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு செய்து பட்டா மாறுதல்.

பத்திரம் ஒரே நாளில் முடிந்தது. பட்டா மாற 14 மாதம் ஆனது. உட்பிரிவு இருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், தாமதம் அங்கேதான். அவர் வருகிற நாளில் இரண்டு பக்கத்துக்காரரும் வரப்பில் இருக்க வேண்டும். எங்கள் அளவையில் எல்லைக் கல் கொழுந்தனார் வைத்த தென்னங்கன்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை. கடைசியில் "தென்னையைப் புடுங்க வேணாம், காய் ரெண்டு வீட்டுக்கும்" என்று நான் சொன்ன பிறகுதான் கையெழுத்தானது. ஒரு கன்றுக்காக முறைத்துக்கொண்டு நின்றிருந்தால் பட்டா இன்னும் ஒரு வருஷம் இழுத்திருக்கும்.

அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் பாகப்பிரிவினை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வாரிசுகள் எல்லோர் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள். பெண் பிள்ளைகள் பெயரை விட்டுவிட்டு மாற்றாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, பிற்பாடு வழக்காக வந்து நிற்கும். கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தாலே பல திட்டங்களுக்குள் நுழைய வழி உண்டு.

இன்னொரு சிக்கல் யுடிஆர் (நிலப் பதிவேடு புதுப்பிப்பு) தவறு. 1979-லிருந்து 1987 வரை நில ஆவணங்களை எல்லாம் புதிதாக எழுதினார்கள். அப்போது பெயர் மாறியதும், பரப்பு குறைந்ததும், பக்கத்துக்காரர் எண்ணில் போய்ச் சேர்ந்ததும் இன்றைக்கும் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிறது. அதை விஏஓவால் திருத்த முடியாது. பழைய பத்திரத்தின் நகலோடு மேலே மனுப் போக வேண்டும். மே, ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது கொடுத்தால், மனு ஏட்டில் ஏறும், எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

பட்டா கையில் வந்ததும் கரண்ட் கனெக்‌ஷனையும் பாருங்கள். மோட்டார் இணைப்பு எங்கள் மாமனார் பெயரிலேயே இருந்தது. சொட்டு நீருக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரிந்து மறுபடி அலைந்தேன்.

ஒரு எழுத்து, ஒரு போன் நம்பர்

பட்டா வந்தபிறகும் எனக்குப் பணம் வரவில்லை. காரணம் என் இன்ஷியல். ஆதாரில் என் அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்த வாக்காளர் அட்டையை வைத்துப் பதிந்தது. வங்கிப் பாஸ்புக்கில் வீட்டுக்காரரின் எழுத்து. பட்டாவில் வீட்டுக்காரர் பெயரோடு "மனைவி" என்று. மூன்றும் நான்தான். ஆனால் சரிபார்க்கும்போது மூன்று பேராக நின்றேன். எங்கள் ஊரில் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அப்புறம் அதை வைத்து வங்கியைத் திருத்துங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு தடவை அலைவீர்கள்.

ஆதாரில் எந்தப் போன் நம்பர் இருக்கிறது என்பதும் முக்கியம். என்னுடையதில் மகன் எப்போதோ தூக்கிப் போட்ட சிம்மின் நம்பர் இருந்தது. ஓடிபி எல்லாம் அதற்குப் போய்க்கொண்டிருந்தது. நம்பர் சரியில்லை என்றால் இ-கேஒய்சியை (ஆள் நீங்கள்தான் என்று ஆதார் வழியாகச் சரிபார்ப்பதை) கைரேகை வைத்து முடிக்கலாம், ஆனால் களை வெட்டிக் களை வெட்டி ரேகை தேய்ந்துபோன கைக்கு அந்த மெஷின் லேசில் ஒத்துக்கொள்ளாது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். எனக்கு அப்படித்தான் பதிந்தது.

இதைவிட முக்கியமான ஒன்று. ஆதார் வழியாக வருகிற பணம், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குத்தான் போகும் என்று நினைக்காதீர்கள். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தீர்களோ, அங்கே போகும். என் ஓர்ப்படி "எனக்குப் பணமே வரல" என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தால் நூறு நாள் வேலைக்கு என்று திறந்த பழைய கணக்கில் மூன்று தவணையும் அப்படியே கிடந்தது. எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு முதல் 2,000 வந்தது 2021 ஆகஸ்டில். இந்தத் திட்டத்துக்கு 1.2.2019 என்று ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. அதனால்தான் இறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருக்கச் சொல்கிறேன். வருமான வரி கட்டுகிறவர்கள், அரசு வேலையில் இருப்பவர்கள் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், டாக்டர், வக்கீல் தொழில் செய்கிறவர்களுக்கு இல்லை. கணவன், மனைவி, 18 வயதுக்குக் கீழான பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதில் ஒருவருக்குத்தான்.

இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் என்று 11 இலக்க எண் கொடுக்கிறார்கள். ஆதார், பட்டா, போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு முகாமுக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ போனால் பதிந்து கொடுப்பார்கள். இதிலும் பட்டாவில் பெயர் இருப்பவருக்குத்தான் எண். எல்லாத் திட்டத்துக்கும் இதையே கேட்கப் போகிறார்கள் என்பதால், பதியும்போது உங்களுடைய எல்லா சர்வே எண்ணையும் சேர்த்தார்களா என்று திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். என் தம்பி முறை ஒருவருக்கு இரண்டு உட்பிரிவில் ஒன்று விட்டுப்போய், முக்கால் ஏக்கர் கணக்கிலேயே இல்லாமல் போனது.

சிறு, குறு விவசாயி சான்றிதழ்

இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. இதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். இதைத் திட்டம் அறிவித்த பிறகு வாங்கப் போகாதீர்கள், வரிசை நீண்டுவிடும். மார்ச் மாதமே வாங்கி வையுங்கள். ஏனென்றால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வருஷத்துக்கு இத்தனை ஏக்கர், இத்தனை கருவி என்று இலக்கு வருகிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல், மே, ஜூனில் காகிதத்தோடு போய் நிற்பவர் பெயர் ஏறுகிறது. கார்த்திகையில் போனால் "இந்த வருஷ இலக்கு முடிஞ்சுதும்மா" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் அதே நாலு வீட்டுக்குக் கிடைக்கிறது என்று ஊரில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். சில இடங்களில் சிபாரிசு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் நான் பார்த்தவரைக்கும் அந்த நாலு வீட்டிலும் பைல் ஒன்று தயாராக இருக்கிறது. பட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று விஏஓ எழுதுகிற கணக்கு), வரைபடம், சான்றிதழ், நாலு போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். அலுவலர் போன் செய்த அன்று மத்தியானமே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நாம் அன்றைக்குத்தான் விஏஓவைத் தேடுகிறோம். அதனால் முதலில் அந்த உறையைத் தயார் செய்யுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம் என்றால் தனி ஒதுக்கீடு இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வேளாண் கருவிகளுக்குப் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் என்று மானியம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு குறு விவசாயிக்கு அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். கேட்காவிட்டால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். சாதிச் சான்றிதழும் அந்த உறையிலேயே இருக்கட்டும்.

சொட்டு நீர்: எனக்குக் கிடைத்ததும் நான் கவனித்ததும்

சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். 2022-ல் எனக்குக் கிடைத்தது. பூ, காய்கறி, பழம் என்றால் தோட்டக்கலை அலுவலகம். நெல், மல்லாட்டை, கரும்பு என்றால் வேளாண்மை அலுவலகம். இரண்டுக்கும் மாறி மாறி அனுப்பாமலிருக்க, எந்தப் பயிருக்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கேட்ட காகிதங்கள்: பட்டா, அந்த பசலிக்கு (வருவாய்த் துறை ஆண்டுக்கு) விஏஓ கொடுத்த அடங்கல், நில வரைபடம், சிறு விவசாயி சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், போட்டோ. கிணறு பங்குக் கிணறு என்பதால் கொழுந்தனாரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம். தென்னையில் காய் இரண்டு வீட்டுக்கும் என்று சொன்னது இங்கே எனக்கு உதவியது, கேட்டவுடன் கையெழுத்துப் போட்டார்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. யாரோ ஒருவர் வந்து "நாங்களே எல்லாம் பாத்துக்கறோம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்து ஊரில் யார் போட்ட பைப் மூன்று வருஷம் தாங்கியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். நான் மூன்று கழனிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில் பக்கக் குழாயை எலி கடித்து வைத்திருந்தது, கூப்பிட்டால் யாரும் வரவில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் மாதம் ஒரு ஆள் வந்து பார்க்கிறார் என்றார்கள். அந்த நிறுவனத்தையே சொன்னேன்.

100 சதவீதம் என்றாலும் கையிலிருந்து கொஞ்சம் போகும். பள்ளம் எடுக்கும் செலவு என்னுடையது. இரண்டு ஆள், ஒன்றரை நாள். குழாய் இறங்கிய அன்று நான் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தேன். மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்து, கடைசி வரிசையின் கடைசித் துளைக்குக் கீழே ஒரு தம்ளரை வைத்தேன். முதல் வரிசையின் முதல் துளைக்கும் ஒன்று. இரண்டிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவு நின்றால் சரி. எனக்குக் கடைசித் தம்ளரில் கால் பங்குதான் விழுந்தது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லி, முனையில் அடைத்துக்கொண்டிருந்த மண்ணை வெளியேற்றிய பிறகுதான் சரியானது. அதற்கப்புறம்தான் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். அலுவலர் வந்து உங்களைக் கழனியில் நிறுத்திப் போட்டோ எடுப்பார், அது இடத்தோடு சேர்ந்து பதிவாகும். போட்டோவுக்காகக் குழாயை விரித்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு போவதாகச் சொன்னால் விடாதீர்கள். ஒரு தடவை உங்கள் பெயரில் ஏறிவிட்டால், அந்த நிலத்துக்கு மறுபடி 7 வருஷம் கழித்துத்தான் கேட்க முடியும்.

விண்ணப்பம் போடாமலே போகிற மானியம்

மேலே சொன்னதெல்லாம் கேட்டு வாங்குவது. கேட்காமலே போகிற இரண்டு பெரிய மானியம் இருக்கிறது: இலவச மின்சாரமும், உரமும். யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஊரில் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் பணமாகக் கண்ணில் படுவதில்லை.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதைச் செய்ய ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. மீதியை மத்திய அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. கடையில் ஆதார் வைத்துக் கைரேகை வாங்குகிறார்களே, அந்த விற்பனைக் கணக்கை வைத்துத்தான் அந்தப் பணம் போகிறது. அதனால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் 2 மூட்டை வாங்கியபோது உங்கள் பெயரில் 6 மூட்டை ஏறியிருந்தால் ரசீதில் தெரிந்துவிடும். யூரியாவோடு வேறு ஏதாவது பாட்டிலைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். எனக்கு ஒரு கடையில் அப்படி நடந்தது. ரசீது கொடுங்கள், அதில் இதையும் எழுதுங்கள் என்றேன். பாட்டிலைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் மோட்டார் 5 குதிரைத்திறன், அதுவும் முறை வைத்துப் பாதி நாள்தான் எனக்கு. 10 குதிரைத்திறன் மோட்டாரும் மூன்று போர்வெல்லும் வைத்திருப்பவருக்கு என்னைவிடப் பல மடங்கு போகிறது. இணைப்பே இல்லாமல் ஆயில் இன்ஜினுக்கு டீசல் ஊற்றுகிறவருக்கு ஒன்றுமில்லை. மேட்டுக்காட்டில் மானாவாரியாகக் கேழ்வரகும் துவரையும் போடுகிறவருக்கும் இல்லை. இலவச மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் என் கிணற்றில் தண்ணீர் ஏறாது, அதற்காக 1970-களில் கொங்குப் பக்கத்து விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். ஆனால் நிலமும் தண்ணீரும் அதிகம் இருப்பவருக்கே அதிகம் போகிறது என்பதை அறிந்துதான் ஆக வேண்டும். மானாவாரிக்காரர்கள் மற்றத் திட்டங்களில் முன்னால் நின்று கேட்க அதுவே நியாயம்.

யாருக்குப் போனது என்று பார்ப்பது எப்படி

பிஎம் கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊரில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் மகளிர் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒருவர் படிக்க, நாங்கள் கேட்டோம். இறந்துபோன இரண்டு பேர் பெயர் இருந்தது. நிலமே இல்லாத ஒருவர் பெயர் இருந்தது. அதைவிட, இருக்க வேண்டிய 11 பெண்களின் பெயர் இல்லாதது தெரிந்தது. இந்தப் பதினொன்றைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்தோம். ஏழு பேருக்குப் பட்டா, மூன்று பேருக்கு ஆதார், ஒருவருக்கு வங்கி.

நிலமில்லாதவர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-ல் தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது. எங்கள் மாவட்டமும் அதில் இருந்தது. சிபிசிஐடி விசாரித்தது. புரோக்கர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு கூலி வேலை செய்கிற பெண்களின் ஆதாரையும் பாஸ்புக்கையும் வைத்துப் பதிந்திருந்தார்கள். பிறகு பணத்தைத் திருப்பி எடுத்தபோது அந்தப் பெண்கள் கணக்கிலிருந்துதான் எடுத்தார்கள். கமிஷன் வாங்கியவர்களிடம் அவர்கள் கொடுத்தது போனது போனதுதான். "நிலம் இல்லாட்டியும் நான் வாங்கித் தர்றேன்" என்று யார் வந்தாலும் ஆதாரைக் கையில் கொடுக்காதீர்கள்.

மற்றத் திட்டங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவே, மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்பதை அலுவலகங்கள் தாங்களாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஒரு வெள்ளைத் தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "பொதுத் தகவல் அலுவலர், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம்" என்று உங்கள் வட்டாரத்தின் பெயரோடு எழுதுங்கள். நான் கேட்டது இது: "எங்கள் ஊராட்சியில் 2021-22, 2022-23 ஆகிய இரு ஆண்டுகளில் சொட்டு நீர் மானியம் பெற்றவர்களின் பெயர், பரப்பு, மானியத் தொகை, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றின் பட்டியல் நகல் வழங்க வேண்டுகிறேன்." அவ்வளவே. ஆதார் எண், வங்கி எண் கேட்காதீர்கள், அதைக் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஏன், எதற்கு என்று சண்டை போடுகிற மாதிரியும் எழுதாதீர்கள். இருக்கிற ஆவணத்தின் நகலை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. எனக்கு 27-வது நாள் தபால் வந்தது.

பட்டியல் வந்ததும் ஊரில் வம்பு பேச அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அதில் பார்த்தது, வாங்கிய 14 பேரில் பெண்கள் இரண்டே பேர் என்பது. அதைக் கிராம சபையில் எழுந்து சொன்னேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. தீர்மானமாக எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மாதம் ஒரு தடவை கலெக்டர் நடத்துகிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டமும் இருக்கிறது. அங்கே போனால் ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். ஐந்தை ஒரே தாளில் எழுதினால் ஐந்து துறைக்கும் போகாமல் ஏதோ ஒரு மேஜையில் நின்றுவிடும்.

குத்தகைக்கு உழுகிறவர்களுக்கு

இதுதான் எனக்கு மனசுக்கு ஆகாத பகுதி. என் கழனிக்கு அடுத்த ஒன்றரை ஏக்கரை ஒரு அக்கா குத்தகைக்கு வைத்திருக்கிறார். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அக்காவின் நெல் முழுக்கத் தண்ணீரில் நின்றது. இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஒன்றரை ஏக்கருக்குப் பத்தாயிரம் சொச்சம் வரும். அது வந்தது, நிலத்துக்காரர் கணக்குக்கு. அவர் மோசமான மனிதர் இல்லை, பாதியைக் கொடுத்தார். விதையும் உரமும் நடவுக் கூலியும் அக்காவுடையது.

பிஎம் கிசானில் குத்தகைதாரருக்கு இடமே இல்லை. 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது, தாசில்தாரிடம் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதியப் போனால் அடுத்த வருஷம் நிலமே கிடைக்காது என்ற பயம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் உண்டு, அந்தப் பயம் பொய்யும் இல்லை. அதனால் இன்றைக்கு நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் தன் பெயரிலேயே சேரலாம். நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் காரீப் (ஆடிப்பட்டம்) பருவம் என்றால் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி (சம்பா காலம்) என்றால் ஒன்றரை சதவீதம்தான் நம் பங்கு. ஏக்கருக்கு 30,000 ரூபாய்க் காப்பீடு என்றால் ராபியில் 450 ரூபாய். அதற்கு வேண்டியது விஏஓ கொடுக்கிற அடங்கல், அதில் இந்தப் பயிரை இவர் சாகுபடி செய்கிறார் என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும். விதைத்த பத்து நாளுக்குள் விஏஓவைக் கழனிக்கே கூப்பிட்டுக் காட்டுங்கள். மழை வந்து பயிர் சாய்ந்த பிறகு போய் நின்றால் யாரும் எழுதித் தரத் துணியமாட்டார்கள். நிலத்துக்காரரிடம் குத்தகை ஒப்பந்தம் என்று கேட்டால் பயப்படுவார். "இந்தச் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டுக்காக மட்டும்" என்று ஒரு பருவத்துக்கு ஒரு கடிதம் கேளுங்கள். பாதிப் பேர் கொடுப்பார்கள். அறுவடைக்கு முன்னால் நிவாரணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும், குத்தகைப் பணம் கொடுக்கிற அன்றைக்கே இரண்டு பேர் முன்னால் பேசி வையுங்கள்.

போன பட்டத்தில் அக்கா நாற்று நட்ட ஏழாம் நாள், நானும் அவரும் விஏஓவை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தோம். சேற்றில் இறங்கமாட்டேன் என்று வரப்பில் நின்றே எழுதினார். அடங்கலில் அக்காவின் பெயர் வந்துவிட்டது. ஆதாரில் இருக்கிற அதே இன்ஷியலோடு.